வீதி ஒழுங்கின் தந்தை வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ

வீட்டுப் படலையைத் திறந்து வீதியிலே கால் வைத்தவுடன் நாம் பல விதிகளுக்கு உட்பட்டவர்களாகி விடுகின்றோம். வண்டிகள் யாவும் ஒரு பக்கமாகவே செல்லுதல் வேண்டும். முந்திச் செல்வோர் மறு பக்கத்தால் முந்துதல் வேண்டும். சந்தியிலே பொலிசார் கை காட்டினால் நிற்றல் வேண்டும். வெள்ளைக் கோடிட்ட கடவையிலே பாதசாரிக்கு வழிவிடுதல் வேண்டும். நோயாளரை ஏற்றிய வண்டி ஒலியெழுப்பி வந்தால் மற்றெல்லா வண்டிகளும் ஒதுங்குதல் வேண்டும். இவையெல்லாம் ஞாயிறு கிழக்கே தோன்றுவது போல இயல்பாகவே அமைந்தவை என எண்ணி, இவற்றை யார் வகுத்தார் என்று நாம் கேட்பதேயில்லை.

ஆயினும், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு உலகின் மாபெரும் நகரங்களிலே கூட இத்தகைய விதிகளை ஒருங்கே தொகுத்து, அச்சிட்டு, வண்டியோட்டிகள் யாவரும் அறியச் செய்த வழக்கம் இருக்கவில்லை என்றே கூறலாம். அக்குறையைக் கண்டு, அதனைத் தீர்ப்பதையே தம் வாழ்நாட் பணியாக ஏற்றவர் ஒருவர் இருந்தார். அவர் அரசாங்க உத்தியோகத்தரல்லர், பொலிஸ் அதிகாரியுமல்லர், பொறியியலாளருமல்லர். இன்னும் வியப்பு யாதெனின், அவர் தம் ஆயுளில் ஒரு நாளேனும் மோட்டார் வண்டி ஓட்டப் பழகியவருமல்லர் என்பதே. வீதிப் பாதுகாப்பின் தந்தை என்று பிற்காலத்தவர் போற்றும் வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ அவர்களே அவர்.

ஈனோ 1858ஆம் ஆண்டு யூன் மாதம் 3ஆம் திகதி அமெரிக்காவிலுள்ள நியூயோர்க் மாநகரிலே பிறந்தார். தந்தையார் ஏமோஸ் ஈனோ நிலம், கட்டடம் ஆகியவற்றை வாங்கி விற்று அளவற்ற செல்வம் ஈட்டியவர். மடிசன் சதுக்கத்துக்கு எதிரே ஐந்தாம் அவெனியூ ஓட்டல் என்னும் புகழ்பெற்ற மாளிகையை எழுப்பியவர் அவரே. நகரின் எல்லைக்கப்பால் இவ்வளவு பெரிய கட்டடமா என்று ஊரார் அக்காலத்தில் நகைத்தனர். ஆனால் நகரம் வளர்ந்து வந்து அக்கட்டடத்தைச் சூழ்ந்து கொண்டது. புரோட்வே, ஐந்தாம் அவெனியூ, இருபத்து மூன்றாம் தெரு ஆகிய மூன்றும் கூடும் அச்சந்தி, நியூயோர்க்கின் நெரிசல் மிக்க இடங்களுள் ஒன்றாயிற்று. ஈனோவின் குடும்பச் செல்வம் வளர்ந்த இடமும், அவர் பிற்காலத்தில் தீர்க்க முயன்ற சிக்கல் வளர்ந்த இடமும் ஒன்றேயாம்.

1867ஆம் ஆண்டிலே, ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த ஈனோ தம் தாயாருடன் குதிரை வண்டியில் அமர்ந்து நகரத் தெரு வழியே சென்று கொண்டிருந்தார். வழியிலே வண்டிகள் ஒன்றையொன்று மறித்து நின்றுவிட்டன. அங்கு நின்றவை பன்னிரண்டு வண்டிகள் அளவிலேதான் இருக்கும். ஒரு சிலர் சிறிது பின்வாங்கி, ஒரு சிலர் சிறிது ஒதுங்கியிருப்பின் எல்லோரும் சென்றிருக்கலாம். ஆனால் யார் பின்வாங்குவது, யார் முன் செல்வது என்று எவருக்கும் தெரியவில்லை. வண்டியோட்டிகளுக்கும் தெரியவில்லை, பொலிசாருக்கும் தெரியவில்லை. வழி இருந்தும், முறை இல்லாமையால் மனிதர் அசைய முடியாது நின்ற அக்காட்சி அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. முதுமையிலும் அவர் அதனை மறந்தாரல்லர்.

அதிலிருந்து அவர் பெற்ற படிப்பினையே அவர் வாழ்வின் கருவாயிற்று. வீதியில் நெரிசல் உண்டாவது வண்டிகள் மிகுதியால் மட்டுமன்று. ஒழுங்கின்மையாலேயே பெரும்பாலும் உண்டாகின்றது என்பதே அது. பன்னிரண்டு வண்டிகளே ஒரு தெருவை அடைத்து விடுமாயின், தெருவை எவ்வளவு அகலமாக்கியும் பயன் யாது?

ஈனோ யேல் பல்கலைக் கழகத்தில் 1882ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் குடும்பத் தொழிலாகிய நில வாணிகத்தில் ஈடுபட்டார். 1898இல் தந்தையார் காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்துக்களுள், மேற்கூறிய சந்தியிலே அமைந்த முக்கோண வடிவான நிலத்துண்டு ஒன்றும் இருந்தது. 1899இல் அது ஏலத்துக்கு வந்தபோது ஈனோ அதனை 690,000 டொலருக்கு எடுத்துச் சில வாரங்களின் பின் 801,000 டொலருக்கு விற்றார். அந்நிலத்தின் மீதே 1902இல் பிளாற்றயன் கட்டடம் என்னும் உலகப் புகழ் பெற்ற உயர்மாடம் எழுந்தது. வாணிகத் திறமை அவருக்குக் குறைவின்றி இருந்தது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். எனினும், அதே ஆண்டிலே, தம் நாற்பத்தோராவது வயதில், பொருள் தேடுந் தொழிலை விட்டு விலகினார். எஞ்சிய காலம் முழுவதையும் வீதி ஒழுங்கை ஆராய்வதிலும் பரப்புவதிலும் செலவிடுவதெனத் துணிந்தார். பணமுள்ள ஒருவர் ஆலயமோ ஆதுலர் சாலையோ கட்டினால் ஊர் போற்றும். வண்டிகள் எவ்வாறு திரும்ப வேண்டும் என்று கூறுவதற்காகத் தொழிலைத் துறந்தவரை அன்று ஊரார் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

அக்காலத்து நியூயோர்க்கை இன்றுள்ளோர் மனக்கண்ணாற் காண்பது கடினம். 1900ஆம் ஆண்டில் அந்நகரின் சனத்தொகை 34 இலட்சமாயிருந்தது. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் அதன் தெருக்களில் உழைத்தன. செல்வரின் சாரட்டுகளும், பாரமேற்றிய வண்டிகளும், மின்சார டிராம்களும், துவிச்சக்கர வண்டிகளும், தள்ளு வண்டிகளில் மரக்கறி விற்போரும், விளையாடும் சிறுவரும் ஒரே தெருவிற் கலந்து நின்றனர். வலப்பக்கமாகச் செல்லும் வழக்கம் நாட்டிலே பழமையானதுதான். எனினும், நகரத் தெருவில் அதனைப் பொருட்படுத்துவாரில்லை. தெருவின் எப்பக்கத்திலும் வண்டியை நிறுத்தலாம், எவ்விடத்திலும் திருப்பலாம். வல்லவன் வகுத்ததே வாய்க்கால் என்ற நிலையே எங்கும் நிலவியது.

இக்கூட்டத்தின் நடுவே மோட்டார் வண்டி வந்து புகுந்தது. 1899ஆம் ஆண்டு செத்தெம்பர் 13ஆம் திகதி ஹென்றி பிளிஸ் என்பவர் நகரின் மத்திய பூங்காவின் மேற்குப் புறத்தே டிராம் வண்டியிலிருந்து இறங்கினார். அவ்வேளை மின்சாரத்தால் ஓடும் வாடகைக் கார் ஒன்று அவரை மோதியது. மறுநாட் காலை அவர் உயிர் துறந்தார். அமெரிக்காவிலே மோட்டார் வண்டியினால் உயிரிழந்த முதல் மனிதரெனப் பதிவு பெற்றவர் இவரே. ஈனோ தம் பணியைத் தொடங்கிய ஆண்டும் இந்த 1899 என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நிலத்தின் நிலை இவ்வாறாக, அந்நகரின் துறைமுகத்துக்கு அப்பாற் பரந்து கிடந்த கடலிலோ வேறொரு நிலை இருந்தது. 1854இல் ஆர்க்டிக் என்னும் அமெரிக்க நீராவிக் கப்பல் மூடுபனியிலே வெஸ்தா என்னும் பிரெஞ்சுக் கப்பலுடன் மோதி மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பலிற் சென்ற பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவரேனும் தப்பவில்லை. இதன் பின்னர், ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்களுக்கு ஒரு வழியும், அங்கிருந்து வரும் கப்பல்களுக்கு வேறொரு வழியும் வேண்டும் என்று மோரி என்னும் அமெரிக்கக் கடலாராய்ச்சியாளர் வற்புறுத்தினார். 1863இல் பிரித்தானியா, நேரெதிரே சந்திக்கும் கப்பல்கள் இரண்டும் தத்தம் வலப்புறம் திரும்ப வேண்டும் என்பது போன்ற விதிகளை வகுத்தது. ஏனைய நாடுகளும் அவற்றை ஏற்றன. 1898இல் அத்திலாந்திக் சமுத்திரத்திலே பிரயாணிகள் கப்பல் விடும் பெரிய கம்பனிகள், போக்குக்கும் வரவுக்கும் வெவ்வேறு தடங்களைக் கைக்கொள்வதென உடன்பட்டன. எல்லையற்ற சமுத்திரத்திலே இரு கப்பல்கள் சந்திப்பதே அரிது. அங்கே தடம் வகுத்திருந்தனர். முப்பது அடித் தெருவிலே வகுத்தாரில்லை! முந்நூறு பேர் ஒரே நாளில் மாண்டால் உலகம் விழித்தெழுகிறது. ஒவ்வொருவராக மாண்டால் உறங்கி விடுகிறது. ஈனோ எதிர்த்துப் போராடியது இவ்வுறக்கத்தையே.

1900ஆம் ஆண்டில் அவர், குதிரையேற்றத்திலும் வண்டி செலுத்துவதிலும் நாட்டமுடையோர் படித்து வந்த றைடர் அன்ட் டிறைவர் என்னும் இதழிலே, தெருப் போக்குவரத்தைச் சீர்திருத்த வேண்டிய அவசரத்தை எடுத்துக் காட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். குறை கூறுவதோடு அவர் நின்றாரல்லர். செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாக வகுத்தெழுதினார். தம் கருத்துக்களை நகர அதிகாரிகளிடமும் பொலிசாரிடமும் ஓயாது எடுத்துரைத்தார். அவர் முயற்சி 1903ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆம் திகதி பலன் தந்தது. அன்று அவர் வகுத்த வண்டியோட்டும் விதிகளை நியூயோர்க் பொலிஸ் பகுதி நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஒரு மாநகரம் முழுவதற்குமான முறையான போக்குவரத்து விதித் தொகுதிகளுள் உலகில் முதன்மையானதாக இதனைப் போற்றுவர்.

அவ்விதிகள் மிக எளியவை. மெதுவாகச் செல்லும் வண்டி தெருவின் வலது ஓரத்தை ஒட்டிச் செல்லுதல் வேண்டும். விரைந்து செல்லும் வண்டிக்கு நடுப்பக்கத்தை விடுதல் வேண்டும். முந்துவோர் இடப்புறத்தால் முந்துதல் வேண்டும். வலப்புறம் திரும்புவோர் மூலையை ஒட்டித் திரும்புதல் வேண்டும். இடப்புறம் திரும்புவோர் சந்தியின் நடுப்புள்ளியைக் கடந்த பின்னரே திரும்புதல் வேண்டும். நிற்க நினைப்பவர் சாட்டையையோ கையையோ உயர்த்திப் பின்னால் வருவோருக்கு அறிவித்தல் வேண்டும். தீயணைக்கும் வண்டிக்கும் நோயாளர் வண்டிக்கும் யாவரும் வழிவிடுதல் வேண்டும். இவற்றில் எதனையும் விளங்கிக் கொள்ளப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. எல்லோரும் ஒன்றையே அறிந்திருத்தல் வேண்டும் என்பதே முக்கியம்.

எல்லோரும் அறிவதெப்படி? இங்கேதான் ஈனோவின் தொண்டுள்ளம் தெரிகின்றது. ஏட்டிலுள்ள சட்டம் எவருக்கும் பயன்படாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே அவ்விதிகளைச் சிறு மடிப்பிதழாக ஓர் இலட்சம் பிரதிகள் தம் சொந்தச் செலவில் அச்சிடுவித்தார். அவை பொலிசார் மூலம் வண்டியோட்டிகளின் கைகளுக்குச் சென்றன. அன்றைய வண்டியோட்டிகளிற் பலர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எனினும், உயர்த்திய கையின் பொருள் எல்லாருக்கும் ஒன்றாயிற்று. பொலிசாருக்கும் இது புதுக் கல்வியாகவே இருந்தது. கள்வரைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள், குற்றமேதும் செய்யாத மனிதரை ஒழுங்குபடுத்தக் கற்றனர்.

அடுத்து அவர் கருத்து நாற்சந்திகளின் பாற் சென்றது. பல தெருக்கள் கூடுமிடத்தில் வண்டிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்வதே மோதலுக்குக் காரணம். யாவும் ஒரே திசையிற் சுற்றிச் சென்று, வேண்டிய தெரு வந்ததும் பிரிந்து சென்றால் குறுக்கீடு ஒழியுமன்றோ? திருவிழாக் காலத்திலே ஆயிரக் கணக்கானோர் ஒடுங்கிய வீதியிற் கோயிலைச் சுற்றுகின்றனர். எல்லோரும் வலமாகவே வருவதால் எதிரும் புதிருமாக முட்டிக் கொள்வதில்லை. இதே தத்துவத்தையே ஈனோ தெருவிற் பயன்படுத்தினார். மத்திய பூங்காவின் மூலையிலே, 1892இல் நாட்டப்பட்ட கொலம்பஸ் சிலையைச் சூழ்ந்து ஒரு வட்டம் இருந்தது. வண்டிகள் அதனை இரு திசையிலும் சுற்றி வந்தன. 1905ஆம் ஆண்டில் ஈனோவின் திட்டப்படி அவை யாவும் ஒரே திசையிற் சுற்றலாயின. அமெரிக்கர் தெருவின் வலப்புறமாகச் செல்பவராதலின் அச்சுற்று இடஞ்சுழியாக அமைந்தது; இடப்புறமாகச் செல்லும் நம் நாட்டுச் சுற்றுவட்டங்களிலே அது வலஞ்சுழியாக அமைகின்றது. ஹென்றி பிளிஸ் அடிபட்ட இடத்துக்கும் இவ்வட்டத்துக்கும் இடையே பதினைந்து தெருக்களே உள்ளன.

அது கப்பல்களின் பொற்காலம். 1907இல் லுசிற்றானியா, மொரித்தேனியா என்னும் இரு பெருங் கப்பல்கள் தம் முதற் பயணத்தை மேற்கொண்டன. ஒவ்வொன்றும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றவல்லது. மொரித்தேனியா ஐந்து நாட்களுக்குள் அத்திலாந்திக்கைக் கடந்து, 1929 வரை வேகத்தில் முதலிடம் வகித்தது. அக்கப்பல்களிலே செல்வரும், குடியேறச் செல்லும் ஏழைகளும், தபால்களும் சென்றன. அவற்றோடு புதிய எண்ணங்களும் சென்றன. ஈனோவும் கடல் கடந்து ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று, அங்குள்ள தெருக்களை ஆராய்ந்தார். இலண்டனிலே பொலிசார் உயர்த்தும் ஒரு கைக்கு ஒரு தெருவே அடங்கி நிற்பதைப் பிற நாட்டார் அன்று வியந்து பேசினர். இலண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களின் போக்குவரத்துத் திட்டங்களிலும் ஈனோ பங்கு கொண்டார். பாரிஸ் நகரிலே வெற்றி வளைவைச் சூழப் பன்னிரண்டு பெருந்தெருக்கள் கூடும் இடத்தில் 1907ஆம் ஆண்டு ஒரு திசைச் சுற்று நடைமுறைக்கு வந்தது. யூஜின் ஏனார் என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரும் அக்காலத்திலேயே இதே கருத்தைத் தனித்து வெளியிட்டிருந்தார். பின்னாளிற் பிரெஞ்சு அரசாங்கம் ஈனோவுக்கு லெஜன் ஒப் ஒனர் என்னும் விருதளித்துச் சிறப்பித்தது.

ஒரு வழித் தெரு, நிறுத்தற் பலகை, பாதசாரிக் கடவை, தெரு நடுவே பாதசாரிகள் ஒதுங்கி நிற்கும் திட்டு, வாடகைக் கார்த் தரிப்பிடம் ஆகிய பலவற்றையும் ஈனோவின் பெயரோடு சேர்த்துக் கூறுவர். இவை அனைத்தையும் அவரொருவரே கண்டுபிடித்தார் எனல் பொருந்தாது. தெரு நடுத் திட்டுகள் இலண்டனிலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. சிதறிக் கிடந்த இம்முறைகளை ஒன்று சேர்த்து, அவற்றை ஒரு சாத்திரமாக்கி, நூல்கள் எழுதி, நகரந்தோறும் பரப்பியமையே அவருடைய பெருமை. 1909இல் வெளியிட்ட நூல் தொடக்கம் முப்பது ஆண்டு காலம் அவர் எழுதிக்கொண்டேயிருந்தார். 1921ஆம் ஆண்டு, கனெற்றிக்கட் மாநிலத்திலே தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தையும் தம் பொருள் கொண்டு நிறுவினார்.

இதனிடையே உலகம் அவர் எதிர்பாராத வேகத்தில் மாறியது. 1908இல் ஹென்றி போர்ட் தம் ரீ மாதிரிக் காரை 825 டொலர் விலையில் வெளியிட்டார். 1920களின் நடுவில் அதன் விலை 300 டொலருக்குக் கீழே இறங்கியது. 1900இல் அமெரிக்கா முழுவதிலும் 8,000 மோட்டார் வண்டிகளே இருந்தன. 1920இல் அத்தொகை 90 இலட்சத்தைத் தாண்டியது. செல்வரின் விளையாட்டுப் பொருளாயிருந்தது உழவனின் கருவியாயிற்று. 1930ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஆண்டொன்றுக்கு முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மோட்டார் விபத்தால் மடிந்தனர்.

பெரியாரின் வரலாற்றைக் கூறுங்கால் அவர்தம் குறைகளை மறைத்தல் முறையன்று. ஈனோ குதிரையை நேசித்தவர். மோட்டார் வண்டியை முழுதும் நம்பாதவர். தாம் ஓட்டப் பழகாது, சாரதி ஒருவரை அமர்த்திக்கொண்டார். அவர் விதிகளெல்லாம் மணிக்குச் சில மைல் வேகத்தில் அசைந்த குதிரை வண்டிக் காலத்திற் பிறந்தவை. ஒளி விளக்குகளால் வண்டிகளை நிறுத்தி விடும் முறை 1914இல் கிளீவ்லாந்து நகரில் மின்சார விளக்குகளோடு வேரூன்றி, விரைவில் எங்கும் பரவியது. ஈனோ அதனை விரும்பவில்லை. குறுக்கே எவரும் வராத வேளையிலும் விளக்குக்காக நிற்பது வீண் என்றும், சுற்றுவட்டமும் விழிப்புள்ள பொலிசுமே சிறந்தவை என்றும் வாதித்தார். உலகம் அவர் சொற் கேளாது விளக்கையே நாடியது.

அவர் பாராட்டிய சுற்றுவட்டத்திலும் ஒரு குறை இருந்தது. உள்ளே சுற்றும் வண்டிக்கு முதலிடமா, புதிதாகப் புகும் வண்டிக்கு முதலிடமா என்ற கேள்விக்குத் தகுந்த விடை காணப்படவில்லை. புகுவோருக்கு வழிவிட்ட இடங்களிலே வட்டம் நிரம்பி, வெளியேற வழியின்றி அடைத்துக் கொண்டது. 1950களில் அமெரிக்கர் சுற்றுவட்டத்தைக் கைவிடத் தொடங்கினர். புகுபவர் உள்ளே சுற்றுபவருக்கு வழிவிட வேண்டும் என்ற ஒரு சிறு விதியை 1966இல் பிரித்தானியா ஏற்படுத்திய பின்னரே அது புத்துயிர் பெற்றது. ஈனோ கண்ட வடிவம் சரியானதே. அதற்குத் தேவையான விதி அவர் மறைந்து இருபத்தொரு ஆண்டுகளின் பின்னரே வந்தது.

கடலிலும் இஃதே நிகழ்ந்தது. 1912ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே நியூயோர்க்கை நோக்கி வந்த ரைற்றானிக் கப்பலிற் சுமார் 2,200 பேர் இருந்தனர். அதன் உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கே இடமிருந்தது. இது சட்டத்தை மீறிய செயலன்று. 10,000 தொன் கப்பலை மனத்திற் கொண்டு 1894இல் எழுதிய விதி, 46,000 தொன் கப்பலுக்கும் அப்படியே நின்றமையால் நேர்ந்த கேடு அது. ஏறத்தாழ 1,500 உயிர்கள் போயின. 1914இல் நாடுகள் கூடிக் கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தன. பொறி வளரும்போது விதியும் உடன் வளராவிடின், விதியைக் கைக்கொள்வோரும் அழிவர் என்பதற்கு இது பெரும் எடுத்துக்காட்டாகும்.

இன்னுமொரு கேள்வியும் உண்டு. வீதி யாருக்கு உரியது? ஈனோவின் இளமையிலே தெரு எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. நடப்போரும், விற்போரும், ஆடும் சிறுவரும் அங்கே உரிமையோடு நின்றனர். வண்டிக்கென ஒழுங்கு பிறந்தபோது, நடப்பவர் ஓரத்துக்கும் கடவைக்கும் ஒதுக்கப்பட்டார். சாரதியைக் கட்டுப்படுத்தப் பிறந்த விதிகள், காலப்போக்கில் பாதசாரியையே குற்றவாளியாக்கப் பயன்பட்ட இடங்களும் உண்டு. ஈனோவின் நோக்கம் அதுவன்று. வேகம் மிக்கவன் மெல்ல நடப்பவனுக்குப் பொறுப்புடையவன் என்னும் எண்ணத்தை அவர் விதிகளிற் காணலாம். அந்தப் பொறுப்பை மறந்து, விரைவை மட்டும் கற்றுக்கொண்டது பின் வந்தோர் பிழை.

1945ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 3ஆம் திகதி, எண்பத்தேழாவது வயதில் ஈனோ காலமானார். அவர் நிறுவிய நிலையம் ஈனோ போக்குவரத்து நிலையம் என்ற பெயரோடு வாசிங்டன் நகரிலே இன்றும் பணியாற்றி வருகின்றது. குதிரை வண்டிகள் மறைந்தன. ஆகாய விமானம் வந்ததும் அத்திலாந்திக் கப்பல்களின் ஆட்சியும் முடிந்தது. ஈனோ வகுத்த விதிகளின் சாரமோ இன்னும் ஒவ்வொரு சந்தியிலும் வாழ்கின்றது.

ஆனால் அவர் தொடங்கிய பணி முடிந்துவிட்டதா? 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்தால் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் காரிற் சென்றவரல்லர். நடந்தும், துவிச்சக்கர வண்டியிலும், மோட்டார்ச் சைக்கிளிலும் சென்றவர்களே. ஐந்து வயது தொடக்கம் இருபத்தொன்பது வயது வரையுள்ளோரின் உயிரைக் கவரும் காரணங்களுள் முதலாவது நோயன்று, வீதியே என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. நம் நாட்டிலும் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு மடிகின்றனர். இம்மலரைக் கையிலேந்தும் இளைஞர் அந்த வயதினரே என்பதை எண்ணும்போது நெஞ்சம் துணுக்குறுகின்றது. ஒரு கப்பல் மூழ்கினால் உலகம் திரண்டெழுந்து உடன்படிக்கை செய்கின்றது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வீட்டிலுமாகப் பிரிந்து நிகழும் இழப்புக்கோ, அந்தந்த வீட்டார் மட்டுமே அழுகின்றனர்.

ஈனோவிடம் அதிகாரமில்லை. சட்டமியற்றும் பதவியில்லை. தாம் கண்ட ஒரு சிறு குறையைப் பிறர் தீர்ப்பாரென விட்டுவிடாத உறுதியும், அதனைத் தீர்க்கத் தம் பொருளையும் நாற்பதாண்டு உழைப்பையும் தரும் மனமும் மட்டுமே இருந்தன. அவருடைய செல்வம் நம் இளைஞருக்கு இல்லாதிருக்கலாம். ஆனால் அவர் இலட்சம் பிரதி அச்சிட்டுக் கற்பித்த அவ்விதிகளை நாம் பள்ளிப் பருவத்திலேயே காசின்றிக் கற்றுவிட்டோம். பொலிசார் நில்லாத சந்தியிலும் நிற்பதும், எவரும் காணாத இரவிலும் கடவையில் வேகத்தைக் குறைப்பதும், முதியவரும் சிறுவரும் கடந்து செல்லும் வரை பொறுத்திருப்பதும் நம்மால் இயலும். நமது வாலிபர் சங்கங்கள் தத்தம் ஊர்ப் பாடசாலைச் சந்தியிலே காலையும் மாலையும் சிறிது நேரம் நின்று, பிள்ளைகளை வீதி கடக்கச் செய்தாலும் அது சிறந்த தொண்டாகும். காரோட்ட அறியாத அப்பெரியார் உலகிலுள்ள சாரதிகளுக்கெல்லாம் செய்த நன்மைக்கு நாம் செலுத்தத்தக்க கைம்மாறு அதுவே.